செம்பருத்தி வேலிக்கு வந்த சோதனை



வழக்கமாக நெல்லைப் பற்றியோ, கரும்பைப் பற்றியோ, உரத்தைப் பற்றியோ பேசுவோம். இன்றைக்கு ஒரு பூச்செடியின் கதையைச் சொல்லப் போகிறேன். பூச்செடிக் கதை கேட்டால் களம் நிறையுமா என்று நினைத்துவிடாதீர்கள். கடல் கடந்த ஒரு சின்னத் தீவிலே, வேலியோரம் நின்ற செம்பருத்திக்கு ஒரு சீக்கு வந்தது. அது அந்த நாட்டு விவசாயியின் மடியிலேயே கை வைத்துவிட்டது. அந்தச் சீக்குக்கு மருந்து போனது நம்ம நாட்டிலேயிருந்து. பிற்பாடு நமக்கு ஒரு சங்கடம் வந்தபோது, மருந்து வந்தது அந்தப் பக்கத்திலேயிருந்து. ஆகவே இது நம்ம கதையும்தான்.

பூக்கள் வந்த வழி

கிரிக்கெட் ஆட்டத்தாலே மேற்கிந்தியத் தீவுகள் என்ற பெயர் நம்ம ஊர்ப் பையன்களுக்கெல்லாம் தெரியும். வட அமெரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் நடுவிலே, கரீபியன் கடலிலே சிதறிக் கிடக்கிற தீவுகள் அவை. ஜமைக்கா, பார்படோஸ், செயின்ட் வின்சென்ட், கிரெனடா, டிரினிடாட் என்று வரிசையாகச் சொல்லலாம். பனி, உறைபனி என்ற தொல்லை கிடையாது. வருஷம் பூராவும் ஏதாவது ஒரு பூ பூத்துக்கொண்டே இருக்கும்.

அங்கே ஒரு வீட்டுத் தோட்டத்துக்குள்ளே நம்மாள் ஒருத்தர் நுழைந்தால், ஊர் ஞாபகம் வந்துவிடும். வேலியிலே செம்பருத்தி. வாசல் தூணிலே காகிதப்பூக் கொடி. பாதையோரம் இட்லிப்பூ. மூலையிலே கள்ளிமந்தாரை. தெருவோரத்திலே, கோடையிலே தீப்பிடித்த மாதிரி சிவக்கிற செம்மயிற்கொன்றை மரம். இதெல்லாம் அந்த மண்ணிலேயே பிறந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். விசாரித்துப் பார்த்தால் சங்கதி வேறே.

செம்பருத்தி ஆசியாக் கண்டத்துச் செடி. இட்லிப்பூ நம்ம தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான செடி. செம்மயிற்கொன்றை, ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்திலே இருக்கிற மடகாஸ்கர் தீவு மரம். காகிதப்பூ தென் அமெரிக்காக் கொடி. 1767-லே பிரெஞ்சுக் கப்பலிலே வந்த ஒரு தாவர ஆராய்ச்சியாளர் பிரேசில் நாட்டிலே அதைப் பார்த்து, தன் கப்பல் தலைவர் பூகன்வில் பெயரையே அதற்கு வைத்தார். இன்றைக்கு அந்தக் காகிதப்பூதான் கிரெனடா நாட்டின் தேசியப் பூ!

கள்ளிமந்தாரை மட்டும் அந்தப் பக்கத்துக்கே உரியது. அதை ஈழத்தலரி என்றும் சொல்வோம். நம்ம கோயில் பிராகாரத்திலே பழைய மரங்களைப் பார்த்துவிட்டு, ஆதிகாலத்திலிருந்தே நம்முடையது என்று நினைக்கிறோம். அது அமெரிக்காவிலிருந்து வந்த மரம். பார்படோஸ் நாட்டின் தேசியப் பூவான மயில்கொன்றையும் அந்தப் பக்கத்துச் செடிதான். நம்ம வீட்டு வாசலிலே அது நிற்கிறதே, அதுவும் கடல் தாண்டி வந்த விருந்தாளி. மாலைக்குக் கட்டுகிற செண்டுமல்லியும் அப்படித்தான், மெக்சிகோ நாட்டுப் பிறப்பு. நம்ம பூ அங்கே, அவர்கள் பூ இங்கே. இப்படிக் கைமாறிப் பல தலைமுறை ஆகிவிட்டது.

கப்பலிலே வந்த செடியும் ஆளும்

இந்தக் கைமாற்றம் தானாக நடந்ததில்லை. 1492-லே கொலம்பஸ் அந்தத் தீவுகளிலே கால் வைத்தார். அதற்குப் பிறகு நோயாலும் கொடுமையாலும் அந்த மண்ணின் பூர்வ குடிகள் பெரும்பாலும் அழிந்துபோனார்கள். ஐரோப்பியர்கள் கரும்புத் தோட்டம் போட்டார்கள். வெட்டுகிற கைக்கு ஆப்பிரிக்காவிலிருந்து லட்சக்கணக்கான மனிதர்களை விலங்கு பூட்டிக் கொண்டுவந்தார்கள்.

செயின்ட் வின்சென்ட் தீவிலே 1765-லே ஒரு தாவரத் தோட்டம் தொடங்கினார்கள். அமெரிக்கப் பகுதியிலே வெப்பநாட்டுச் செடிகளுக்காக அமைந்த மிகப் பழைய தோட்டம் அது. இன்றைக்கும் இருக்கிறது. உலகின் நாலு மூலையிலிருந்தும் வருகிற செடிகளை அங்கே வைத்து வளர்த்து, மற்ற தீவுகளுக்குக் கொடுப்பார்கள். அடிமைகளுக்கு மலிவாக வயிற்றை நிரப்ப ஒரு மரம் வேண்டும் என்று, பசிபிக் கடல் தாஹிதித் தீவிலிருந்து சீமைப்பலாக் கன்றுகளைக் கொண்டுவரச் சொன்னது பிரிட்டிஷ் அரசு. கப்பல் தலைவர் வில்லியம் பிளை முதல் தடவை போனபோது, 1789-லே கப்பலாட்கள் கலகம் செய்து அவரைப் படகிலே இறக்கிவிட்டார்கள். விடாமல் மறுபடியும் போய், 1793-லே செயின்ட் வின்சென்டுக்கும் ஜமைக்காவுக்கும் கன்றுகளைக் கொண்டுவந்து சேர்த்தார்.

பிரிட்டிஷ் தீவுகளிலே அடிமைகளுக்கு 1838-லே முழு விடுதலை கிடைத்தது. தோட்ட முதலாளிகள் அடுத்தபடியாக நம்ம நாட்டின் பக்கம் திரும்பினார்கள். ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் 1845-லே டிரினிடாடுக்கும், 1857-லே கிரெனடாவுக்கும் போய் இறங்கினார்கள். பிரெஞ்சுத் தீவுகளான மார்த்தினிக்குக்கு 1853-லேயும், குவாதலூப்புக்கு 1854-லேயும் போனவர்களிலே நம்ம தமிழ் ஜனங்கள் ஏராளம். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலே கப்பல் ஏறியவர்கள். மாரியம்மனை மறக்காமல் அங்கேயும் கோயில் கட்டினார்கள். சாமிக்குப் பூ வேண்டுமே. செம்பருத்தி வேலி கைக்கெட்டும் தூரத்திலே இருந்தது.

ஆக, அந்தத் தீவுகளிலே ஒரு தோட்டம் என்பது வெறும் அலங்காரம் இல்லை. யார் வந்தார்கள், எங்கேயிருந்து வந்தார்கள் என்பதற்கு அது ஒரு சாட்சி. ஆனால் இந்தக் கப்பல் கணக்கிலே ஒரு பாக்கி இருந்தது. செம்பருத்தி வந்து சேர்ந்தது. செம்பருத்தியைத் தின்கிற பூச்சி வரவில்லை. அது ரொம்ப நாளைக்குப் பிறகு வந்தது.

1994: வேலி வெளுத்தது

கிரெனடா ரொம்பச் சின்ன நாடு. மொத்தப் பரப்பே 344 சதுர கிலோமீட்டர். நம்ம ஊரிலே ஒரு தாலுகா மாதிரி. சாதிக்காய்க்குப் பேர்போன இடம். அந்த நாட்டுக் கொடியிலேயே சாதிக்காய்ப் படம் உண்டு. கோக்கோ, வாழை, காய்கனி என்று சின்னச் சின்ன விவசாயிகள்தான் அதிகம். வீட்டுக்கு வீடு, ஓட்டலுக்கு ஓட்டல் செம்பருத்தி வேலி.

1994-லே அந்த வேலிகளிலே ஒரு மாற்றம் தெரிந்தது. கொழுந்து விரியாமல் சுருண்டது. நுனி குட்டையாகிக் கொத்துக் கொத்தாக முறுக்கிக்கொண்டது. அதன்மேலே சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளைப் பஞ்சு. பூ நின்றது. பிறகு கிளை காய்ந்தது. பஞ்சை விலக்கிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பு நிறத்திலே குட்டிக் குட்டிப் பூச்சிகள்.

இந்தப் பூச்சி நமக்குப் புதுசு இல்லை. செம்பருத்தி மாவுப்பூச்சி என்பது இதுதான். மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிற விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். மல்பெரிக் கொழுந்து சுருண்டு முடங்குகிற துக்ரா என்ற தொல்லைக்கு இதுவே காரணம். திராட்சைக் குலையிலும் வெண்டையிலும் பார்த்திருப்பீர்கள். 1908-லேயே நம்ம நாட்டு மாதிரிகளை வைத்து இதற்கு விஞ்ஞானப் பெயர் கொடுத்தாகிவிட்டது. பிறகு எகிப்துக்கும் போய் அங்கே பெரிய தொல்லை கொடுத்தது. நம்ம நாட்டிலே இது இருக்கிறது என்றாலும், ஊரையே அழித்துவிடுவதில்லை. ஏன்? இதைத் தின்கிற எதிரிகளும் இங்கே இருக்கின்றன. ஒன்றை ஒன்று தட்டி வைத்துக்கொள்ளும்.

கிரெனடாவிலே அந்த எதிரிகள் இல்லை. தட்டிக் கேட்க ஆள் இல்லாத வீட்டிலே திருடன் புகுந்த மாதிரி ஆகிவிட்டது. ஒரு பெண் பூச்சி நூற்றுக்கணக்கிலே முட்டை இடும். ஏறக்குறைய ஒரு மாதத்திலே ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது தொடங்கிவிடும். குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. காற்று தூக்கிக்கொண்டு போகும், எறும்பு சுமக்கும், வேலியை உரசிப் போகிறவன் சட்டையிலே ஒட்டும். ஒடித்துக் கொடுத்த ஒரு போத்து போதும், அடுத்த ஊருக்குப் போய்விடும்.

வேலியோடு நின்றதா என்றால் இல்லை. கோக்கோவிலே ஏறியது. முள்ளுச்சீத்தாவிலே ஏறியது. வெண்டை, புளிச்சைச் செடி எல்லாம் அதற்கு ஆகாரமாயின. தூங்குமூஞ்சி மரமும் தப்பவில்லை. மலைமேலே நீர்ப்பிடிப்புக் காட்டிலே பூவரசு இனத்தைச் சேர்ந்த மாஹோ என்ற மரங்களை நிறைய நட்டிருந்தார்கள். அவையும் பட்டுப்போக ஆரம்பித்தன. வேலியிலே தொடங்கியது குடிதண்ணீர்க் காடு வரைக்கும் போய்விட்டது.

பக்கத்துத் தீவுக்காரர்கள் பயந்துபோய், கிரெனடாக் காய்கனி வேண்டாம் என்று தடை போட்டார்கள். பூச்சியே ஏறாத விளைச்சலும் விற்கவில்லை. இதுதான் விவசாயிக்கு விழுந்த பெரிய அடி. தடை போட்டும் பிரயோஜனம் இல்லை. 1995-லே டிரினிடாட், செயின்ட் கிட்ஸ் தீவுகளிலே பூச்சி தெரிந்தது. அப்புறம் தீவு தீவாகத் தாவி, 1999-லே அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்கும், 2002-லே புளோரிடாவுக்கும் போய்விட்டது.

மருந்து தோற்றது, பூச்சி ஜெயித்தது

ஆரம்பத்திலே எல்லாரும் செய்வதைத்தான் அங்கேயும் செய்தார்கள். மருந்து அடித்தார்கள். மாவுப்பூச்சியின் மேலே மெழுகுப் பூச்சு இருக்கிறதே, அதிலே மருந்துத் தண்ணீர் ஒட்டாமல் வழிந்துவிடும். போதாக்குறைக்குச் சுருண்ட கொழுந்துக்குள்ளே ஒளிந்துகொள்ளும். ஓட்டல் வேலிக்கு மருந்து அடிக்கலாம். மலைமேலே காட்டு மரத்துக்கு யார் அடிப்பது? பிறகு, பூச்சி பிடித்த செடிகளை வெட்டிக் கொளுத்தினார்கள். ஆசையாக வளர்த்த வேலியைத் தன் கையாலேயே வெட்டி நெருப்பிலே போட வேண்டியதாயிற்று. அப்படியும் அடங்கவில்லை.

அப்போதுதான், பூச்சியைப் பூச்சியாலேயே பிடிப்போம் என்று முடிவு செய்தார்கள். முள்ளை முள்ளால் எடுக்கிற வழி. இரண்டு வகை எதிரிகளைக் கொண்டுவந்தார்கள்.

ஒன்று, சீனாவிலிருந்து கொண்டுவந்த ஒரு துளியூண்டு குளவி. கொட்டாது, மனிதருக்கு ஒரு கெடுதலும் செய்யாது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளே முட்டை வைக்கும். குஞ்சு உள்ளேயிருந்தே தின்று வளரும். மாவுப்பூச்சி கெட்டிப்பட்டு வெறும் கூடாகிவிடும். அதிலே ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும்.

இன்னொன்று, பொறிவண்டு. இது போனது நம்ம இந்தியாவிலிருந்து! கிரிப்டோலீமஸ் என்று விஞ்ஞானிகள் சொல்கிற, கறுப்பு முதுகும் பழுப்புத் தலையும் உள்ள வண்டு. இதற்கும் பூர்வீகம் இந்தியா இல்லை, ஆஸ்திரேலியா. 1898-லே காப்பித் தோட்டப் பூச்சியை ஒழிக்க நம்ம நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தென்னிந்தியாவிலே நிலைத்துவிட்டது. ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, 1996-லே நம்ம நாட்டிலே இருந்து கரீபியன் தீவுகளுக்குக் கடல் தாண்டிப் போனது. கூடவே நம்ம நாட்டு வண்டு இன்னொரு ரகமும் போனது. நூற்றைம்பது வருஷம் முந்தி நம்ம ஜனங்களைக் கூலிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். இந்தத் தடவை நம்ம வண்டுகளை உதவிக்குக் கூப்பிட்டார்கள்.

வண்டு கூட்டமாக இருக்கிற பூச்சியைத் தின்று குறைக்கும். மிச்சம் மீதியைக் குளவி தேடிப் பிடிக்கும். இரண்டும் சேர்ந்ததிலே, சில மாதங்களிலேயே பலன் தெரிந்தது. ஒன்றிரண்டு வருஷத்திலே மாவுப்பூச்சி பழைய அளவிலே சிறு பங்காகிவிட்டது. வேலி மறுபடி துளிர்த்தது. பூவும் வந்தது. பூச்சி அடியோடு ஒழிந்துவிட்டது என்று சொல்லவில்லை. அடங்கி ஒடுங்கிக் கிடக்கிறது. விவசாயிக்கு அது போதும்.

நமக்கு வந்த முறை

இப்போது கதை நம்ம ஊருக்குத் திரும்புகிறது. 1990-களிலே அதே கரீபியன் தீவுகளிலே இன்னொரு மாவுப்பூச்சியும் பரவியது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்திலே பிறந்த பப்பாளி மாவுப்பூச்சி. இதற்கும் செம்பருத்தி என்றால் உயிர்.

2008-லே இது கோயமுத்தூரிலே பப்பாளியிலே தென்பட்டது. அப்புறம் நடந்தது உங்களிலே பல பேருக்கு நேரிலேயே தெரியும். பப்பாளி மரமே வெள்ளை அடித்த மாதிரி நின்றது. மரவள்ளி, மல்பெரி, பருத்தி, கத்தரி என்று பயிர் பயிராகப் போனது. கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம், நாமக்கல் பக்கத்து விவசாயிகள் கை பிசைந்து நின்றார்கள். மருந்துக்கு மேலே மருந்து அடித்துக் காசு கரைந்ததே தவிர, பூச்சி குறையவில்லை. வேலியோரச் செம்பருத்தியிலும் பார்த்தீனியக் களையிலும் உட்கார்ந்துகொண்டு, அடித்து முடித்ததும் திரும்பி வந்தது. கிரெனடாவிலே நடந்தது அப்படியே இங்கேயும் நடந்தது. அங்கே வந்தவன் நம்ம பக்கத்துக்காரன். இங்கே வந்தவன் அவர்கள் பக்கத்துக்காரன். இரண்டு பேரும் தங்கள் எதிரியை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள்.

2010-லே கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தார்கள். பெங்களூரிலே வைத்துச் சோதனை செய்தார்கள். நம்ம பயிருக்கும் பட்டுப்புழுவுக்கும் தீங்கு இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, அந்த வருஷக் கடைசியிலே தமிழ்நாட்டு வயல்களிலே விட்டார்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலே, உருளைக்கிழங்கு முளையிலே மாவுப்பூச்சியை ஏற்றி, அதிலே குளவியைப் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். மூன்றிலே அசெரோபேகஸ் என்ற குளவி நன்றாக வேலை செய்தது. 2011-லே தொல்லை பெரிதும் அடங்கிவிட்டது. நாம் அனுப்பிய வண்டுக்கு அவர்கள் பக்கத்திலிருந்து பதில் மொய் வந்த மாதிரி!

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

இந்தச் சரித்திரத்திலே நமக்கு நாலு பாடம் இருக்கிறது.

முதலாவது, வெளியூரிலே அழகாக ஒரு பூச்செடி பார்த்தால் போத்து ஒடித்து மடியிலே கட்டிக்கொண்டு வராதீர்கள். வெளிநாட்டிலேயிருந்து வருகிற சொந்தக்காரர்களிடமும் சொல்லி வையுங்கள். செடி, விதை, கிழங்கு எதையும் சோதனை இல்லாமல் கொண்டுவருவதைத் தடுக்க 1914-லேயே நம்ம நாட்டிலே சட்டம் வந்தது; 2003-லே அதன்கீழ் விரிவான ஆணையும் வந்தது. சட்டத்துக்குப் பயந்து இல்லை, பக்கத்து வயல்காரனுக்காகவாவது அதை மதிக்க வேணும். காட்டையும் மேய்ச்சலையும் அடைத்துக்கொண்டிருக்கிற உண்ணிச்செடியும், பூ அழகாக இருக்கிறது என்று ஒரு காலத்திலே கொண்டுவந்து வைத்த அமெரிக்கச் செடிதான் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது, வேலியைப் பார்க்கிற வழக்கம் வேணும். பயிருக்கு வருகிற சீக்கு பல சமயம் வேலிச் செம்பருத்தியிலேதான் முதலிலே முகம் காட்டும். கொழுந்து சுருண்டு வெள்ளைப் பஞ்சு தெரிந்தால், நுனியை ஒரு பைக்குள்ளே நறுக்கிப் போட்டு எரித்துவிடுங்கள். வாய்க்காலிலே வீசாதீர்கள், தண்ணீரோடு அடுத்தவர் வயலுக்குப் போகும். செடியிலே எறும்பு சாரை சாரையாக ஏறினால் கவனியுங்கள். மாவுப்பூச்சி கசிகிற இனிப்புத் தண்ணீருக்காக, எறும்பு அதற்குக் காவல் நிற்கும்.

மூன்றாவது, நண்பனைக் கொன்றுவிடாதீர்கள். நான் சொன்ன பொறிவண்டின் புழு, பார்வைக்குப் பெரிய மாவுப்பூச்சி மாதிரியே உடம்பெல்லாம் வெள்ளை நூலோடு இருக்கும். ஒரு அடையாளம் சொல்கிறேன். மாவுப்பூச்சி அசைந்தும் அசையாமல் ஒட்டிக் கிடக்கும்; புழு சுறுசுறுப்பாக ஊர்ந்து மாவுப்பூச்சியைத் தின்னும். அதைப் பார்த்தால் நசுக்காதீர்கள். குளவி விட்ட வயலிலே கண்ட மருந்தையும் அடிக்காதீர்கள். மெழுகுக்குள்ளே இருக்கிற மாவுப்பூச்சி பிழைத்துக்கொள்ளும், குளவி செத்துப்போகும்.

நாலாவது, புதுசாக ஒரு பூச்சியைப் பார்த்தால் மறைக்காதீர்கள். நம்ம விளைச்சலை வாங்கமாட்டார்களோ என்று பயந்து மறைத்தால், அது ஊரையே பிடித்துக்கொள்ளும். வேளாண்மை அலுவலரிடம் உடனே காட்டுங்கள்.

நாளைக்குக் காலையிலே சாமிக்குப் பூப்பறிக்க வேலிப் பக்கம் போவீர்கள் இல்லையா? பூவைப் பறிக்கும்போது அந்தக் கொழுந்தையும் ஒரு நிமிஷம் புரட்டிப் பாருங்கள். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தீவிலே, நம்ம மாதிரியே ஒரு விவசாயி தன் செம்பருத்தி வேலியைக் கொளுத்திப் படித்த பாடம் அது. நமக்கு அவ்வளவு செலவு வேண்டாம், பார்த்தாலே போதும்.